ஒன்றா, ஐந்தா?

நீலாம்பிகா ஸ்கூட்டியை கேட்டுக்கு வெளியே தள்ளும்போதே மாமியார் கௌரவ்வா வாசற்படிக்கு வந்துவிட்டாள். சிராவண மாதத்துத் திங்கட்கிழமை. தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் வில்வ இலைத் தட்டோடு நின்றாள்.

"நீலா, இன்னிக்குத்தானே யாருக்கு எந்த பிராஜெக்ட்னு போடறீங்க?"

"ஆமா அத்தை. ரெண்டு மணிக்கு மீட்டிங். அஞ்சு மணிக்கு போர்டுல ஒட்டிடுவேன்."

"சேதி வந்தப்புறம்தான் எனக்குச் சாப்பாடு. பெங்களூர்னு காதுல விழணும்."

"சர்க்கரை இருக்கற உடம்பு. ஒரு டம்ளர் பாலாவது குடிச்சிருங்க."

"பெங்களூர்னு சொல்லு. பால் என்ன, ஹோளிகையே சாப்பிடறேன்."

ஹோளிகை என்கிற அந்த வெல்லப் போளியைச் சாப்பிட்டால் சர்க்கரை என்னாகும் என்று நீலாம்பிகா கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு எதைக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம் என்று தெரியும்.

பின்னாலேயே சிவலீலா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நீலாம்பிகாவின் கணவனுக்குத் தங்கை. வண்டியில் ஏறவில்லை.

"நான் பஸ்ல வரேன், வைனி."

அண்ணன் மனைவி இந்த ஊரில் வைனி, அம்மா அவ்வா. வீட்டில் வைனி, துறையில் மேடம். இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெண் இரண்டையும் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

நடுவில் இரண்டு வாரம் கல்யாணம், காட்சி என்று அலைந்துவிட்டுப் பத்திரிகையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தார்வாடில் மலப்பிரபா பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் நீலாம்பிகா ஆசிரியை. சிவலீலா அதே துறையில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். இந்த வருஷம் மாணவர்களுக்கு பிராஜெக்ட் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு நீலாம்பிகா தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொன்னால் போதாது. மற்ற எல்லோரும் குனிந்துகொண்டார்கள், இவள் நிமிர்ந்து நின்றாள்.

ஜூனில் ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தருவார்கள். என்ன வேலை, எந்த இடத்து மண் அல்லது கல் மாதிரி, எத்தனை மாதம். கமிட்டி உட்கார்ந்து சிலதை ஒப்புக்கொள்ளும், சிலதைத் திருப்பி அனுப்பும். ஒப்புக்கொண்ட இருபத்துநாலுக்கும் எண் போட்டு போர்டில் ஒட்டினார்கள். இருபத்திரண்டு மாணவர்கள். ஆளுக்கு ஐந்து பிராஜெக்டைத் தேர்ந்தெடுத்து ஃபாரத்தில் வரிசைப்படுத்த வேண்டும். ஒரே பிராஜெக்டுக்கு இருவர் அடித்துக்கொண்டால் மதிப்பெண் அதிகம் உள்ளவருக்கு.

எண் 9, கதம் சாருடையது. பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதம் வேலை. அங்கே போனவர்கள் யாரும் வேலை இல்லாமல் திரும்பி வந்ததில்லை. சிவலீலா வகுப்பில் இரண்டாவது. கேட்டால் கிடைக்கும். கௌரவ்வா போன மாதமே அவளுக்கு ஒரு ஸ்வெட்டரும் சக்கரம் வைத்த பெட்டியும் வாங்கிவிட்டாள்.

எண் 17, டாக்டர் பாவிகட்டியுடையது.

பாவிகட்டி என்றால் கன்னடத்தில் கிணற்றுச் சுற்றுக்கட்டு. தமிழில் எழுதுகிற எனக்கு அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. நீலாம்பிகா வாழ்க்கைப்பட்ட அங்கடி குடும்பத்துக்கு அதுவும் இல்லை. அந்தப் பெயரையே வீட்டில் எடுப்பதில்லை. "அந்த ஆள்" என்பார்கள், அவ்வளவுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்குண்டி ஏரிக்கரை உடைந்தது. ஆடு மேய்க்கிற புருஷனும் பெண்சாதியும் கரைக்குக் கீழே கிடை போட்டிருந்தார்கள். இரண்டு உயிரும் போயிற்று. கரைக்கு மண் சோதனை பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஜூனியர் இன்ஜினியர் சென்னபசப்பா அங்கடி, சிவலீலாவின் அப்பா. மண்ணை எடுக்காமலே சோதனை முடிவை எழுதிவிட்டார் என்று விசாரணையில் அறிக்கை கொடுத்தவர் பாவிகட்டி. வேலை போயிற்று. அதற்குப் பிறகு சென்னபசப்பா கேட்டைத் தாண்டியதில்லை. ஏன், என்ன என்று ஒரு வார்த்தை சொன்னதுமில்லை.

பெண்ணைக் கரை சேர்க்க ஒன்பது என்றால், இந்த வீட்டைப் பொறுத்தவரை பதினேழு என்பது மறுபடி அதே தண்ணீரில் தள்ளுவது.

*

பத்து மணிக்கு அலுவலகக் குமாஸ்தா பட்டணசெட்டி ஃபாரங்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மேலே தனியாக ஒரு மூடிய கவர்.

"உங்க நாத்தனார் ஃபாரம் இதுல இருக்கு மேடம். நீங்க எழுதிக் குடுத்தபடி நான் பிரிக்கலை. ஹெச்.ஓ.டி. மேடம்தான் பிரிக்கணும்."

"அதை அவங்க மேஜையிலேயே வெச்சிருங்க."

போன வாரமே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள் நீலாம்பிகா: மாணவி சிவலீலா என் உறவு, அவள் ஃபாரத்தை நான் தொடமாட்டேன். யாரும் கேட்காமலே எழுதினாள். அப்படிப்பட்ட ஜாதி அவள். பேருந்தில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் கூப்பிட்டு வாங்குவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறையில் சிவலீலா அந்த ஃபாரத்தை நீட்டியதும் இப்போது ஞாபகம் வந்தது.

"வைனி, ஒரு தடவை பாத்துக் குடுங்களேன். சரியா எழுதிருக்கேனான்னு."

"நான் பாக்கக் கூடாது லீலா. நீயே ரெண்டு தடவை படிச்சுப் பாரு."

"சரி வைனி." மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கௌரவ்வா மட்டும் ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தாள்.

நீலாம்பிகா முதல் ஃபாரத்தை எடுத்தாள். சோமலிங்கா. கதம் சார் பின்னாலேயே சுற்றுகிற பையன். பெங்களூர் என்ற வார்த்தை கேட்டாலே காது நிமிரும். அவன் எண் 9க்கு எதிரே 5 என்று எழுதியிருந்தான். கடைசி விருப்பம்.

இவனுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் ஏதோ இடித்தது. பாறை என்றால் தலை சுற்றும், தண்ணீர்தான் வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெண், பாறைக்கு 1 போட்டு, நிலத்தடி நீருக்கு 5 போட்டிருந்தாள்.

நீலாம்பிகா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் இன்னொரு ஃபாரம்.

பாதாமி சுற்றுலா பற்றிய கருத்துப் படிவம். பஸ் 2. சாப்பாடு 1. தங்குமிடம் 4. வழிகாட்டி 5. மேலே கொட்டை எழுத்தில்: 5 என்றால் மிக நன்று.

"பட்டணசெட்டி, இது என்ன?"

"ரெண்டும் ஒரே நாள்ல குடுக்கணும்னு வந்துது. ஒரு தாள்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு அடிச்சுட்டேன். நீங்கதானே மேடம் பேப்பரை மிச்சம் பண்ணச் சொன்னீங்க?"

சொன்னாள். ஜூலை மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னாள். அது மட்டுமா? போன வருஷ ஃபாரத்தில் "1 என்பது முதல் விருப்பம்" என்று ஒரு வரி இருந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த வரியை வெட்டியதும் அவளேதான். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் மார்க் போட்ட கையோடு பிள்ளைகள் தாளைத் திருப்பி பிராஜெக்டுக்கும் மார்க் போட்டுவிட்டார்கள். பிடித்ததற்கு ஐந்து, பிடிக்காததற்கு ஒன்று.

எல்லோரும் அப்படிச் செய்திருந்தால் தலைகீழாகப் படித்துவிட்டுப் போகலாம். செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஒன்பது ஃபாரம் தலைகீழ் என்று பட்டது. மீதி சரி. அவளுக்கு இது தெரிந்தது எப்படி என்றால், ஃபாரத்தில் ஒரு ஓரம் உண்டு. எந்த ஆசிரியரிடம் போய்ப் பேசினார்களோ அவர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். பிள்ளைகள் தமக்குப் பிடித்த ஒன்றுக்குத்தான் அந்த நடை நடப்பார்கள். இந்த ஒன்பதிலும் கையெழுத்து 5க்குப் பக்கத்தில் இருந்தது.

மூடிய கவரில் இருக்கிற பத்தாவதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

*

இரண்டு மணிக்கு மீட்டிங். துறைத் தலைவர் ஜோஷி மேடம், கதம் சார், பாவிகட்டி, நீலாம்பிகா. மற்றவர்கள் தேர்வு வேலையில் இருந்தார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

நீலாம்பிகா சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்மேல. ஒரு வரியை வெட்டினேன். ஒன்பது ஃபாரம் தலைகீழா வந்திருக்கு. கூப்பிட்டுக் கேக்கணும்."

பாவிகட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், மெலிந்த கழுத்து, எந்தச் சட்டை போட்டாலும் காலர் பெரிதாகத் தெரியும்.

"எதுக்குக் கேக்கணும்? எம்.எஸ்ஸி. படிக்கற பசங்க. வரிசைப்படுத்துன்னா என்னன்னு தெரியாதா? நாளைக்கு வேலையில தப்பா எழுதிட்டு, நான் வேற நினைச்சேன்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?"

"வேலையில நடக்கற தப்புக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றாள் நீலாம்பிகா. குரல் அவள் நினைத்ததைவிடக் கூடிவிட்டது.

"சம்பந்தம் இருக்கு. கையெழுத்துப் போட்டா போட்டதுதான்."

அவர் எதைச் சொல்கிறார் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

ஜோஷி மேடம் கவரைப் பிரித்தார். தாளைப் பார்த்தார். கதமிடம் நீட்டினார்.

"ஒன்பதுக்கு எதிர 5. பக்கத்துல உங்க கையெழுத்து. பதினேழுக்கு எதிர 1."

"என்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினா மேடம்," என்றார் கதம். "மைக்ராஸ்கோப் வரைக்கும் கேட்டா. இதுவும் தலைகீழ்தான், சந்தேகமே வேணாம்."

"ஓகோ. கோஆர்டினேட்டர் வீட்டு ஃபாரமும் தலைகீழா?" பாவிகட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரொம்ப நல்லா இருக்கு. அப்ப மத்த ஒன்பதும் எதுக்குக் கண்ணுல பட்டுதுன்னு இப்பப் புரியுது."

நீலாம்பிகாவுக்குக் காதுமடல் சுட்டது. பதினோரு வருஷச் சர்வீஸில் அவளை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கவரை அவள் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவர் சந்தேகத்தை மெய்ப்பிக்கிற மாதிரி ஆகும். எழுந்தாள்.

"நான் வெளிய இருக்கேன் மேடம். பத்துப் பேரையும் நீங்களே கூப்பிட்டு, தனித்தனியாக் கேளுங்க. அவங்க சொல்றதை நீங்களே எழுதிக்குங்க. பட்டியல்ல கையெழுத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

ஜோஷி மேடம் தலையசைத்தார். "அதுதான் சரி. பாவிகட்டி சார், உங்க ஆட்சேபத்தை எழுதிக் குடுங்க. ஃபைல்ல வெச்சுக்கறேன்."

*

வராந்தாவில் கற்களை வைத்த கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் பெஞ்சு. நீலாம்பிகா அதில் உட்கார்ந்தாள். ஃபோன் அடித்தது.

"என்னாச்சு நீலா?"

"இன்னும் முடியலை அத்தை."

"அந்த ஆள் உள்ள இருக்கானா?"

"இருக்கார்."

"அன்னிக்கு அவ காகிதத்தை நீட்டினப்ப ஒரு பார்வை பாத்திருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?" கௌரவ்வாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. எதுவும் தெரியாமலே சரியான இடத்தில் குத்துவது அவளுக்குக் கைவந்த கலை. "ஏதாவது தப்பா ஆச்சுன்னா நான் உன்னைத்தான் கேப்பேன்."

"கேளுங்க அத்தை," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பையன்களும் பெண்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சோமலிங்கா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், நல்லவேளை கேட்டீங்க. நான் அஞ்சுன்னா ஃபர்ஸ்ட் கிளாஸ்னு நினைச்சேன்." நிலத்தடி நீர்ப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ஒன்பது பேரும் வந்து போயாயிற்று. ஒன்பதும் தலைகீழ்தான். நீலாம்பிகாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

கடைசியாகச் சிவலீலா. நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு, பெஞ்சைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்தாள். நேராகப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

"நீலாம்பிகா, வாங்க," என்று ஜோஷி மேடம் கூப்பிட்டார்.

பட்டியல் மேஜையில் இருந்தது. எண் 9: சோமலிங்கா. அவள் விரல் தானாகக் கீழே ஓடியது. எண் 17: சிவலீலா அங்கடி.

"மேடம், இது..."

"கேட்டோம். ரெண்டு தடவை கேட்டேன். என் ஃபாரம் சரியாத்தான் இருக்கு, ஒண்ணுன்னா முதல்னு தெரிஞ்சுதான் எழுதினேன்னு சொல்லிட்டா."

கதம் கையை விரித்தார். பாவிகட்டி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபம் எழுத எடுத்த தாள் அவர் முன்னால் வெள்ளையாகவே கிடந்தது.

*

சைக்கிள் ஷெட்டில் சிவலீலாவைப் பிடித்தாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

துறை வளாகத்தில் "டி" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சிவலீலா பதறவில்லை.

"கேட்டாங்க, உண்மையைச் சொன்னேன்."

"கதம் சார்கிட்ட முக்கால் மணி நேரம் பேசினது?"

"அவ்வா தினம் கேட்டுட்டே இருந்தா. பேசினியா, பேசினியான்னு. அவளுக்காகப் போனேன்."

"அப்ப என்கிட்ட ஃபாரத்தை நீட்டினது?"

சிவலீலா தரையைப் பார்த்தாள். "நீங்க பாக்க மாட்டீங்கன்னு தெரியும் வைனி. அதனாலதான் நீட்டினேன். பின்னால நான் மறைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாதில்ல?"

நீலாம்பிகாவுக்கு அறைய வேண்டும்போல் இருந்தது. தன் நேர்மையை இவ்வளவு சுலபமாக ஒருத்தி கணக்குப் போட்டுப் பயன்படுத்திக்கொண்டதில் வலித்தது. அதைவிட, இவளுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்ற பயம்.

"அந்த ஆள்கிட்ட உனக்கு என்ன வேலை?"

"அந்த ஆள்கிட்ட வேலை இல்லை. அவர் அலமாரில வேலை இருக்கு." சிவலீலா குரலைத் தாழ்த்தினாள். "ஏப்ரல்ல மண் மாதிரி வைக்கற ரூமைச் சுத்தம் பண்ண எங்களை விட்டாங்க. கீழ் அடுக்குல ஆறு தகரப் பெட்டி. மேல ஒட்டின சீட்டுல கல்குண்டி 1, கல்குண்டி 2ன்னு எழுதி, தேதி போட்டிருக்கு. அந்தத் தேதியில ஏழுக்குக் குறுக்கால கோடு போட்டு, கீழ ஒரு புள்ளி."

நீலாம்பிகா வீட்டில் பால் கணக்குக் காலண்டரில் தினமும் அந்த ஏழைத்தான் பார்க்கிறாள். மாமனார் எழுத்து.

"மண்ணே எடுக்கலைன்னுதானே அப்பாவை அனுப்பினாங்க? எடுத்திருக்கார் வைனி. எடுத்து, பெட்டில போட்டு, சீட்டு ஒட்டிருக்கார். கரை உடையறதுக்கு மூணு மாசம் முன்னாடி தேதி. பதினேழாம் பிராஜெக்ட் என்ன? துறையில இருக்கற பழைய கரை மண் மாதிரிகளைத் திரும்பச் சோதிக்கறது. அந்தப் பெட்டியைத் திறக்க அந்த பிராஜெக்ட் எடுத்தவளுக்குத்தான் சாவி குடுப்பாங்க."

நீலாம்பிகாவுக்கு ஜூன் மாத மீட்டிங் கண்முன் வந்தது. எந்த இடத்து மண் என்று எழுதவில்லை என்பதற்காகப் பதினேழைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான். பாவிகட்டி ஓரத்தில், "துறை இருப்பில் உள்ளவை" என்று மூன்று வார்த்தை எழுதித் திரும்பக் கொடுத்தார். நேரமாகிவிட்டது என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. அவளும் கையெழுத்துப் போட்டாள்.

"லீலா, நான் சொல்றதைக் கேளு. அஞ்சு மணிக்குத்தான் ஒட்டணும். அதுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா வேற ஏதாவது தரலாம். ஒன்பது போயிடுச்சு. பரவாயில்லை, பதினொண்ணு காலியா இருக்கு. உங்க அவ்வா பட்டினி கிடக்கறா."

"ஏழு வருஷமா அப்பா வாசல் தாண்டலை. அது பட்டினி இல்லையா?"

"நீ நினைக்கற மாதிரி அதுல ஒண்ணும் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு தெரியுமே." கண் கலங்கியது, ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை. "நீங்க ஒட்டுங்க மேடம்."

மேடம் என்றாள். நீலாம்பிகா அதற்கு மேல் வாதாடவில்லை.

ஐந்து மணிக்கு அவளே போர்டில் நாலு பின் குத்தினாள். திரும்பினால் பாவிகட்டி குடையோடு நின்றிருந்தார்.

"சென்னபசப்பா பொண்ணுதானே?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் எடுத்தாளா?"

"அவளைத்தான் சார் கேக்கணும்."

அவர் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூணு வருஷமா இதையே எழுதறேன். ஒருத்தரும் எடுக்கலை," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

*

சப்தாபூர் வீட்டுக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.

கௌரவ்வா அடுப்படியில் சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எண்ணெய்க் கத்தரிக்காயும் கடலைப்பொடியும் மூடி வைத்திருந்தது. சென்னபசப்பா கூடத்து மூலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக அந்த வீட்டுக் கடலை முழுவதும் அவர் உரித்ததுதான்.

"சொல்லு," என்றாள் கௌரவ்வா. கை நிற்கவில்லை.

"பெங்களூர் இல்லை அவ்வா."

கை நின்றது. "யாருக்குப் போச்சு?"

"சோமலிங்காவுக்கு. எனக்குப் பதினேழு. பாவிகட்டி சார்."

அந்தப் பெயர் அந்தக் கூடத்தில் விழுந்து ஏழு வருஷம் ஆயிற்று. கௌரவ்வா மாவுக் கையோடு எழுந்து வந்தாள், மகளைப் பார்க்கவில்லை, மருமகளைத்தான் பார்த்தாள்.

"பட்டியல் போட்டது நீ. அதுல கையெழுத்துப் போட்டது நீ. என் பொண்ணைக் கொண்டுபோய் அவன் வாசல்ல விட்டுட்டு வந்து நிக்கற. உனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா இதைப் பண்ணுவியா?"

அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. நீலாம்பிகாவுக்குக் குழந்தை இல்லை. அந்த வார்த்தையைப் பன்னிரண்டு வருஷமாக கௌரவ்வா வாயிலேயே அடக்கி வைத்திருந்தாள், இன்று பசியில் விட்டுவிட்டாள். நீலாம்பிகா தோளில் இருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"வைனியைச் சொல்லாதே அவ்வா," சிவலீலா நடுவில் வந்து நின்றாள். "நானே கேட்டு வாங்கினேன். ஒண்ணு, முதல் விருப்பம், நானே எழுதினேன்."

"நீயேவா? எதுக்கு?"

சிவலீலா மூலையைப் பார்த்தாள். முறத்தில் விரல்கள் நின்றிருந்தன.

"அப்பா, நீங்க எடுத்த மண்ணு அங்க இருக்கு. கல்குண்டி மண்ணு. உங்க கையால சீட்டு ஒட்டினது. நீங்க எடுக்கலைன்னு சொன்னது பொய். அந்தப் பெட்டியை எல்லாம் நான் திறந்து, ஒவ்வொண்ணா சோதிச்சு, முடிவை எழுதப் போறேன். அந்த ஆளே அதுல கையெழுத்துப் போடணும். போடாம விடமாட்டேன்."

கௌரவ்வா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, இவ சொல்றது நிஜமா? மண்ணு எடுத்தீங்களா? ஏழு வருஷமா ஏன் சொல்லலை?"

அவர் முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். வேட்டியில் ஒட்டிய தோல்களைத் தட்டினார். எழுந்து, மகளுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்று பேசி எத்தனை நாளாயிற்று என்று சிவலீலாவுக்கே ஞாபகமில்லை.

"எத்தனை பெட்டி இருக்கு?"

"ஆறுப்பா. ஆறும் அப்படியே இருக்கு. சீல்கூட உடைக்கலை."

அவர் உதடு எதையோ எண்ணுவதுபோல் அசைந்தது. கை மெல்ல மேலே எழுந்ததை நீலாம்பிகா பார்த்தாள். பெண்ணின் தலையில் அந்தக் கையை வைப்பார் என்று நினைத்தாள். வைத்தார்.

"நல்லா பண்ணு," என்றார். "அஞ்சைச் சோதிச்சு எழுது. நாலாவதை மட்டும் திறக்காதே."

(தொடரும்)